கரையேறிய படகு

அல்சூர் ஏரியில் வருஷக்கணக்காக ஆகாயத்தாமரை வாரிய இரும்புப் படகு இப்போது கரையில், சிமெண்டு மேடைமேல், காபிக்கடையாக உட்கார்ந்திருக்கிறது. அதை ஓட்டிய அற்புதராஜ்தான் அதில் சர்வர். சாயங்கால வெயில் தண்ணீரில் கண் கூசும்படி மின்னுகிறது. செல்ஃபி எடுக்க மொத்தக் கூட்டமும் எழுந்து ஏரிப்பக்கம் போய்ச் சாய்கிறது. உடனே அற்புதராஜ் காபித் தட்டோடு எதிர்ப்பக்கம் ஓடிப்போய்ப் பொத்தென்று உட்கார்ந்து, கால்களை அகட்டி ஊன்றிக்கொள்கிறார். தட்டில் நுரை அடங்குகிறது. இன்னொரு தடவை காபி ஆறினால் வேலை கிடையாது என்று மேனேஜர் ரக்ஷிதா காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். இப்போது அவளே வந்து நிற்கிறாள்.

“மறுபடியுமா அங்கிள்? எழுந்துருங்க!”

“எப்படிம்மா? எல்லாரும் ஒரே சைடுல நிக்கிறாங்களே, சாஞ்சிடும்.”

“சிமெண்ட்ல போல்ட் போட்டிருக்கு. எங்க சாயும்?”

“எனக்குத் தெரியும்மா. என் காலுக்குத் தெரியலையே.”

“இப்ப காபி குடுக்கலைன்னா நாளைக்கு வரவே வேணாம்.”

வேலை போனால் வீட்டில் மனைவி மெர்சி விடும் டோஸை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எழப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு டிப்பர் லாரி தடதடவென்று போகிறது. தரைத்தகடு அதிர்கிறது, மேசைக் கரண்டிகள் கிணுகிணுக்கின்றன. கூட்டம் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. “அய்யோ தேவ்ரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி ரக்ஷிதா அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து பெஞ்சை இரண்டு கையாலும் பற்றிக்கொள்கிறாள். லாரி போய்விட்டது. கை மட்டும் பெஞ்சை விடவில்லை.

“எழுந்துக்காதீங்க அங்கிள்,” என்கிறாள் மெதுவாக. “முதல்ல அவங்க உக்காரட்டும்.”