பைப்படிப் பேய்

"இஞ்ச பாருங்க, அம்மாவைப் பார்க்காம படத்தைப் பாருங்க!" ஆர்த்திகா தன் கணவன் உதயரூபனின் கையில் கிள்ளினாள்.

"படத்தை நான் நூறு தரம் பார்த்திட்டன். மாமிட முகந்தான் இன்னும் விளங்கல்ல."

அவன் இயக்கிய முதல் பேய்ப்படம். மண்டபம் நிறைந்திருந்தது. ஆர்த்திகாவுக்கு அந்தப் பக்கம் மாமி சின்னத்தங்கம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாவற்குடாவில் மாமியின் வீட்டில்தான் அவன் வாசம். ஊரே கைதட்டினாலும், மாமி கோபித்துக்கொண்டால் நாளைக்கு அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது.

திரையில் இருண்ட வீடு. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. புதுமாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே பைப்படிக்குப் போகிறான். அவனுக்குப் பின்னால், முகத்தை மறைத்த ஈரக் கூந்தலோடு ஓர் உருவம் எழுகிறது. மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. உருவம் அவன் காதருகே குனிந்தது.

"மகன், பைப்பை வடிவாப் பூட்டினீங்களா?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் பேய் கழுத்தை முழுவட்டமாகத் திருப்ப, அதே வாய்களிலிருந்து அலறல் கிளம்பியது.

"மச்சான், பயத்தையும் சிரிப்பையும் இப்பிடி ஒண்டாக் குழைக்க எங்கடா படிச்சாய்?" பின்வரிசையிலிருந்து ஒளிப்பதிவாளன் இல்ஹாம் தோளில் தட்டினான்.

உதயரூபன் எட்டி மாமியைப் பார்த்தான். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பா, அழுகையா?

படம் முடிந்ததும் சனம் அவனைச் சூழ்ந்துகொண்டது. நீட்டிய கைகளை அவசரமாகக் குலுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினான். மாமியும் ஆர்த்திகாவும் ஓட்டோவில் ஏறியிருந்தார்கள்.

"மாமி... படம்?"

"என்ட அம்மாவை நீங்க எங்க மகன் கண்டீங்க?"

"உங்கட அம்மாவையா? நான் கண்டதே இல்லையே மாமி."

"ஆர்த்திகா பிறக்க முந்தியே அவ கண்ணை மூடிட்டா. ஆனா அந்தப் பேய் அச்சு அசல் அவதான்! இவட அப்பாவை இருக்கவும் விடமாட்டா, நிற்கவும் விடமாட்டா. பின்னால பின்னால வந்து கேள்வி. ஒருக்கா மனுசன் பொறுக்கேலாம, கரடியனாத்து வயல் வட்டைக்குப் போய், நெல்லுக்குக் காவல் எண்டு ரெண்டு மாதம் கிடந்தார்!"

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பின் முடிவில் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில நிண்டு பார்த்த மாதிரி எடுத்திருக்கீங்க. பயந்தன், சிரிச்சன், அழுதும் போட்டன். அருமையான படம் மகன். அவர் இருந்து பார்த்திருக்கோணும்."

உதயரூபனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஓட்டோவில் ஏறி மாமிக்குப் பக்கத்தில் அமர்ந்தான்.

"அண்டைக்கே மாமாங்கக் கோயில்ல நேர்ந்தனான், எனக்கு வாற மருமகனை இப்பிடிப் பாடுபடுத்தமாட்டன் எண்டு. கடவுளே எண்டு, ஒரு நாளாவது நான் உங்களை அப்பிடிக் கேட்டிருப்பனா?"

"சீச்சீ, இல்ல மாமி."

ஆர்த்திகா வாயைப் பொத்திக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பினாள். ஓட்டோ புறப்பட்டது. பாலத்தைத் தாண்டுவதற்குள் மாமி திடுக்கிட்டு நிமிர்ந்து, அவன் காதருகே குனிந்தார்.

"மகன், வெளிக்கிடக்குள்ள பைப்பை வடிவாப் பூட்டினீங்களா?"