வெட்டிய இருபத்தேழு நிமிடங்கள்

தம்பி இளவரசுவைத் தெருவில் ரோந்து வண்டியில் ஏற்றியபோது மணி நாலு பத்து. ஆஸ்பத்திரியில் பிணமாக இறக்கியபோது நாலு ஐம்பது. கோமளா இரண்டையும் நோட்டில் குறித்திருந்தாள். ஆனால் காவல் பதிவுக் காப்பகத்தில் போட்டுக் காட்டிய போலீஸ் சட்டைக் கேமரா வீடியோ பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. தப்பாகக் குறித்துவிட்டோமோ என்று மறுபடி கணக்குப் பார்த்தாள். தப்பில்லை. தம்பி வண்டிக்குள் சரிகிறான். அடுத்த காட்சி ஆஸ்பத்திரி வாசல்.

“மிச்சம் எங்க சார்?”

“எல்லாப் போலீஸ் சட்டையிலயும் கேமரா ஓடுதும்மா. அத்தனையும் வைக்க எடம் வேணாமா?” என்றார் எழுத்தர். “எதிர்ல இருக்கிற ஆள் அசையலன்னா மெஷினே வெட்டிடும். அதுல ஒண்ணும் நடக்கலம்மா.”

“ஒண்ணும் நடக்கலையா? அவன் செத்துட்டிருந்தான்யா! ஒருத்தனாவது வாயில தண்ணி ஊத்துனானான்னு அதுலதானே இருந்துச்சு!”

“கத்தாம உக்காரும்மா,” என்றார் வாசலில் நின்ற காவலர். அவர் மார்பிலும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கோமளா உட்காரவில்லை. அசையாமல் உட்கார்ந்தால் அவளையும் மெஷின் வெட்டிவிடும். காவலரின் மார்புக்கு நேரே போய் நின்று, இரண்டு கைகளையும் வீசி வீசித் தம்பியின் பெயரைச் சொன்னாள். தோள் கடுத்தது. கைகளை இறக்கவில்லை.