சூப்பர்வைசர் சிரிக்கிறார்

"அக்கா, சிடுமூஞ்சி இன்னிக்கும் சிரிக்கிறாரு" என்றாள் பட்டன் தைப்பவள்.

"இந்தச் சிரிப்பை நம்பாதடி. பழைய கம்பெனியில இப்படித்தான் சிரிச்சாங்க. அடுத்த வாரமே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் காலர் தைப்பவள்.

சட்டைக் கம்பெனியின் சூப்பர்வைசர் முன்பெல்லாம் கத்தினால் பக்கத்துக் கட்டடம் வரை கேட்கும். சில நாட்களாக, பல்லெல்லாம் தெரிய, "பரவால்லம்மா, பிரிச்சுத் தைங்க" என்று குழைகிறார்.

"நம்மளக் கவுக்கத்தான் இந்தத் தேன் பேச்சு. ஒரு தப்பும் அவர் கையில சிக்கக் கூடாதுடி!" என்றாள் காலர் தைப்பவள்.

அன்றிலிருந்து கோணலாகத் தைத்த சட்டையை யாரும் மூட்டைக்கடியில் ஒளிக்கவில்லை. அவர் கண்டுபிடிக்கும் முன்பே பிரித்துத் தைத்தார்கள்.

மாதக் கடைசியில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "இந்த மாசம் ஒரு சட்டைகூடத் திரும்பி வரல. எல்லாம் நம்ம சூப்பர்வைசரோட சிரிச்ச முகம் செஞ்ச வேலை!"

எல்லோரும் கைதட்டினார்கள். காலர் தைப்பவள் மட்டும் அந்தச் சிரிப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பல் டாக்டர் சூப்பர்வைசரிடம் சங்கடமாகச் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க சார். உங்க புதுப் பல்செட் அளவு தப்பாப் போச்சு. அதான் உதடு மூட மாட்டேங்குது. கத்தினா கழண்டு வேற விழுந்துடும். குடுங்க, சரி பண்ணிடலாம்."

சூப்பர்வைசர் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம் டாக்டர்! கம்பெனியே இந்தப் பல்லுலதான் ஓடுது."