நாலு பேர் இருந்த படம்

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிரு" என்றார் யாக்கூப், மனைவி காமிலாவிடம். பின்கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

அவர் கடையில் மிளகு எடை போடும் சென்றாயன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கியிருக்கிறாளாம். யாக்கூப்பின் வாலிப வயதுப் படம் ஒன்றை நீட்டி, கடை கடையாக விசாரித்துக்கொண்டு வருகிறாளாம்.

"ஏனுங்க, யாருங்க அவ?" என்றாள் காமிலா.

"கூடப் படிச்சவங்க."

"கூடப் படிச்சவங்க வந்தா இப்படித்தான் வேர்க்குமுங்களா?"

யாக்கூப் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அரசாங்க உதவித்தொகையில் போலந்துக்குப் படிக்கப் போனவர் அவர். திரும்பி வந்ததும் துறையூர் சொந்தக்காரர்கள் சொன்ன வேலை எதற்கும் போகாமல், மலையேறி மிளகு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். அந்த நாட்டைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை.

"அத்தா அங்க என்னதான்மா படிச்சாங்க?" கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் நசீபா மெதுவாகக் கேட்டாள்.

"சுரங்க இன்ஜினியருக்கு. பட்டம் இரும்புப் பொட்டிக்கு அடியில கெடக்குது. ஒருநாளும் எடுத்து மாட்டினதில்ல. எதுக்குன்னு இப்பத்தானே தெரியுது." காமிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண்தான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்து வெளுத்துப்போன முகம். தோளில் கேமரா. யாக்கூப்பைப் பார்த்ததும் தன் பாஷையில் ஏதோ சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எனக்கு அந்தப் பாஷை மறந்து போச்சு" என்று தமிழில் சொன்னார் யாக்கூப், தரையைப் பார்த்து.

நசீபா குறுக்கே வந்து இங்கிலீஷில் பேசி அவளை உட்கார வைத்தாள். வந்தவள் பெயர் ஹலினா. அந்தக் காலத்தில் மாணவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்துத் திரிந்த இளம் பத்திரிகைப் போட்டோகிராபராம். உறையிலிருந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துப் பாயில் பரப்பினாள்.

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் பெண்கள். நடனத்துக்குப் போக ஒரே ஜோடி பூட்ஸுக்குச் சண்டை போடும் இரண்டு பையன்கள். கடைசியாக ஒரு விடுதி அறை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்கும் யாக்கூப், சுற்றிலும் தட்டேந்திய மூன்று நண்பர்கள்.

காமிலா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "இந்த ஊட்டுல ஒருநாளும் கரண்டி தொட்டதில்லீங்க!"

ஹலினா சிரிக்கவில்லை. படத்தில் கட்டிலுக்கு அடியில் தெரிந்த ஒரு பெட்டியை விரலால் தொட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நசீபா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள்.

"அது அச்சடிக்கிற மிஷினாம். கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு எதிரா ராத்திரியில நோட்டீஸ் போடுவாங்களாம். இவங்க அத கவனிக்காம படத்தைப் பெருசாக்கி விடுதிச் சுவத்துல மாட்டிட்டாங்களாம். மறுநாளே போலீஸ் வந்துருச்சாம்."

காமிலாவின் சிரிப்பு நின்றது.

"மாரெக்னு ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் ஜெயிலாம். மத்த ரெண்டு பேருக்கும் படிப்பு போச்சாம். அத்தாவையும் அப்புறம் காணோமாம், ஊருக்குத் தொரத்தியிருப்பாங்கன்னு அங்க பேசிக்கிட்டாங்களாம். போலீசுக்காகத்தான் படத்த மாட்டினாங்கன்னு எல்லாரும் இவங்களை ஒதுக்கி வச்சிட்டாங்களாம். அதுக்கப்புறம் மனுசங்களப் படம் எடுக்கறதையே விட்டுட்டாங்களாம்மா. மலை, மரம்னு மட்டும்தான் எடுப்பாங்களாம்."

யாக்கூப் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து நின்றார்.

ஹலினாவின் குரல் உடைந்தது. நசீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மத்த மூணு பேரையும் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுட்டாங்களாம். மாரெக் சாகறதுக்கு ஒரு வாரம் முந்தித்தான் மன்னிச்சேன்னு சொன்னாராம். இனி அத்தா மட்டும்தானாம்."

ஹலினா பாயிலிருந்து எழுந்து யாக்கூப் முன்னால் வந்து நின்று, தலையைக் குனிந்தாள்.

இதற்கா சந்தேகப்பட்டோம் என்று காமிலாவுக்கு வெட்கமாகிவிட்டது. "ஏனுங்க, இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காம மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாக்கூப் வாயைத் திறந்தார். போலந்துப் பாஷை வரவில்லை. இங்கிலீஷும் வரவில்லை. பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தா, என்ன சொல்லட்டும்?" என்றாள் நசீபா.

அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சுவத்துல இருந்த படத்தைப் பாத்து போலீஸ் வரல. வேற ஊர்ல படிப்ப முடிக்க விடறோம்னாங்க... காட்டிக் கொடுத்தது நான்தான்னு சொல்லு, கண்ணு."