ஜெல்லிமீன் தலையில் ஒரு குதி

“தலையில ஒரு குதி, அவ்ளோதான்!” என்று மனைவி சுப்ரஜாவின் வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பிடுங்கி, திரையில் குதித்த ஷ்யாம்சுந்தர், அவளுடைய கடைசி உயிரையும் போக்கிவிட்டு அசடு வழிகிறார். மூன்று வாரம் முட்டி மோதி அவள் எட்டிய கட்டம் அது. ஆபீசில் பதினாறு பேருக்கு யோசனை சொல்கிற மூளை வேறு! ஆட்டம் முடிந்த பிறகும் நீல நீருக்குள் இளஞ்சிவப்பு ஜெல்லிமீன், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மிதக்கிறது. சிட்லபாக்கத்து மத்தியான வெயில் திரையில் பளிச்சிடுகிறது. குக்கர் சீறுகிறது, அவள் எழவில்லை. அவளுடைய வெறும் கட்டைவிரல்கள் மட்டும் இன்னும் காற்றை அழுத்துகின்றன. “காபி போடட்டுமா?” என்கிறார். அவள் திரையையே பார்க்கிறாள். “கோபமா?” “ஒண்ணுமில்ல.” சோபாவில் ஒரு சாண் நெருங்குகிறார். “நிஜமா சொல்லேன்.” “தண்ணிக்குள்ள அதைத் தொட்டாலே சாவுதான். விலகி நின்னு, அது போறவரைக்கும் காத்திருக்கணும். அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். கேக்காம பிடுங்கினீங்க. ஆமா, கோபம்தான். தள்ளி உக்காருங்க.”