தலை தெரியாத வீடியோ

சுன்னாகத்தில் கலியாண வீடியோ எடுக்கிற பரமலிங்கம், இரும்புக் குழாயின் மேல்முனையில் கமெராவைப் பூட்டி, அடியில் தராசுப் படிக்கல்லைக் கட்டினார். ஒரு கிலோ போதவில்லை. இரண்டு கிலோ கட்டியதும் நடக்கும்போது படம் ஆடவில்லை.

ஆனால் கமெராவை இடுப்புக்கு மேலே தூக்காமலே வாசல் கேற், முற்றம், கிணறு என்று எடுத்து வந்தார்.

"இஞ்சாருங்கோ, கனடாவிலை உங்கடை தங்கச்சி என்னைத் தலையில்லாமலே பாக்கிறது?" என்றாள் மனைவி குணலட்சுமி.

"இது அவளுக்கில்லை. அவளின்ரை மகனுக்கு. எங்களை இன்னும் காணாத பிள்ளை. மூன்று வயசிலை இஞ்சை நடந்து வந்தால், அவனுக்கு இப்பிடித்தானே தெரியும்."

குணலட்சுமி கமெராவுக்கு முன்னால் குந்தினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வா ராசா, மாமியிட்டை வா."

பரமலிங்கம் சின்னச் சின்ன அடியாக வைத்து அவளிடம் போனார்.