பெண்கள் வாசல்

டங்கன் காரை விட்டு இறங்கியதிலிருந்து தெல்மாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"மழை வரப்போகுது. முதல்ல பெண்கள் வாசலப் பாத்துடுங்க" என்றாள், மூன்றாவது முறையாக.

அவன் அவசரப்படவில்லை. எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்றலாம், எதை இடிக்கலாம் என்று அரசுக்கு எழுதிக்கொடுப்பது அவன் வேலை. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தான். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்த்துவிடக் கூடாதென்று தலைக்கு மேல் வைத்த ஜன்னல்களைப் பார்த்தான்.

விக்டோரியா ராணி காலத்தில் யார்க்‌ஷயரின் ஆலை ஊர்கள் எல்லாவற்றிலும் இதே அச்சில் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். இந்தப் பள்ளிக்கென்று தனியாக ஏதாவது இருந்தால் தப்பிக்கும். இல்லாவிட்டால் வசந்தத்தில் இடித்துவிட்டு, கார் நிறுத்த இடம் செய்வார்கள்.

கிளிஃப் பின்னாலேயே வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பள்ளியை மீட்கும் குழுவில் தெல்மாவைத் தவிர மிச்சமிருந்த ஒரே ஆள்.

"வந்தவருக்குக் கை குடுக்கக்கூடக் கையுறையக் கழட்டல. பெரிய ராணியம்மா!"

"குளிருது. நீ வாய மூடு."

"பக்கத்து ஊர்க்காரங்க மாதிரி நாமளும் ஒரு பழைய கல்வெட்டு செஞ்சு ஒட்டியிருக்கலாம்."

"அவங்க மனுவை அன்னிக்கே தள்ளிட்டோம்" என்றான் டங்கன், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெல்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சுவருக்குக் கூட்டிவந்தாள்.

அவள் படித்த பள்ளி அது. அவள் அம்மா படித்ததும் அங்கேதான். பலப்பம் மழுங்கினால் பெண்கள் வாசல் பக்கத்துக் கல்லில் தேய்த்துக் கூராக்குவோம், தேய்த்துத் தேய்த்துக் கல்லே குழிந்துவிட்டது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதோ."

அவள் நெஞ்சு உயரத்தில், கல்லில் மூன்று கோடுகள்.

டங்கன் ஒருமுறை பார்த்துத் தலையசைத்தான். பிறகு ஈரத் தரையில் மண்டியிட்டான்.

"மேலதான் இருக்கு" என்றாள் தெல்மா.

"பாக்கறேம்மா. பிள்ளைங்க உயரத்துல ஆரம்பிக்கறது என் வழக்கம்."

பையிலிருந்து மரத்தகடு ஒன்றை எடுத்துப் பாசியை மெல்லச் சுரண்டினான். பச்சை திட்டுத்திட்டாக விழுந்தது.

ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே. விரல் அகலம், விளிம்பு மழுங்கி, உள்ளே ஆலைப் புகையின் கறுப்பு. எல்லாம் தெல்மாவின் இடுப்புக்குக் கீழே.

"அடி சக்கை! உங்கம்மா புளுகல, தெல்மா!" என்றார் கிளிஃப்.

அத்தனை நேரம் அலைந்த தெல்மாவின் கால்கள் நின்றுவிட்டன.

பலப்பம் தேய்த்தபோது அம்மாவுக்கு ஆறு வயது. இலையுதிர்காலம் முழுக்க இந்தச் சுவரில் தெல்மா நின்றபடியேதான் தேடியிருந்தாள்.

டங்கன் படம் எடுத்தான். அளவு நாடாவை வைத்து மறுபடி எடுத்தான். முதல்முறையாகச் சிரித்தான். "இது போதும்மா. இது ஒண்ணே போதும்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"கொஞ்சம் நகருங்க. மேல இருக்கறதையும் கிட்டப் பாத்துடறேன்."

அவள் நகரவில்லை. மூன்று கோடுகளையும் மறைத்தபடி முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து பாரு பாருன்னு குதிச்சவ நீதானே?" என்றார் கிளிஃப்.

கையுறைக்குள், உளி பிடித்த இடத்தில் கொப்புளம் எரிந்தது.

முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. அப்புறம் மழை வலுத்தது.

பழசாகத் தெரியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று கோடுகளில் அவள் பூசிய கெட்டித் தேநீர், முதுகுக்குப் பின்னால் கரைந்து, அம்மாவின் கோடுகள்மேல் பழுப்பாக வழிய ஆரம்பித்தது.